முதல் வெட்டு

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஆறு பெருகினால் முதலில் தேவைப்படுவது போன். முன்பெல்லாம் தண்ணீர் ஏறுகிறது என்றால் ஆட்டை அவிழ்ப்பார்கள், அரிசிச் சாக்கை மேலே தூக்கி வைப்பார்கள், படுக்கையில் கிடப்பவர்களை மேட்டு லயத்துக்குத் தூக்கிப் போவார்கள். இப்போது பாலத்தில் வரிசையாக நின்று படம் பிடிக்கிறார்கள். ஒருவன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தன் மூஞ்சியையும் சேர்த்துப் பிடிக்கிறான். "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க" என்கிறான் என்னிடம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பாலத்துத் தூணில் தண்ணீர் மட்டம் பார்க்கக் கிழித்த வெள்ளைக் கோட்டை. அவனுக்கு நான் படத்தில் குறுக்கே நிற்கும் கட்டை.

எங்கள் டவுனுக்குப் பாலத்தடி என்று பேர். தலவாக்கலையில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஒரே தெரு, நாற்பது கடை, ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல். தெருவுக்கும் ஓயா என்கிற எங்கள் ஆற்றுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பண்டு, வெள்ளத்துக்கு அணை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் மண் சுமந்து கட்டியது. பிறகு சிமெந்து பூசினார்கள். பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். லயத்துக்குக் கீழே ஆற்றை ஒட்டி எங்கள் துண்டுகள். ஐந்து குடும்பத்துக்கு ஐந்து துண்டு. மரக்கறி போட்டுக்கொள்ளட்டும் என்று பழைய தோட்டத் துரை ஒருவர் வாய்ச்சொல்லில் விட்ட நிலம். கடுதாசி கிடையாது. பயிர் இருக்கும் வரை நம்முடையது. இரண்டு வருடம் சும்மா கிடந்தால் தோட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கமும் கரை இருக்கிறது. இடுப்பளவு, வெறும் மண்.

ஆற்றுக்கு இரண்டு பக்கம். ஊருக்கு மட்டும் ஒரே பக்கம்.

தண்ணீர் வெள்ளைக் கோட்டைத் தொட்டால் எங்கள் கரையை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் துண்டில் பரவும். பஜார் பக்கம் இரண்டு சாண் இறங்கும். கடைகள் தப்பும். இதற்கு 'ஆத்தாளுக்குப் பங்கு' என்று பேர். முறை வைத்து ஒவ்வொரு தடவை ஒவ்வொரு துண்டு. முறைக்காரனைப் பாலத்தின் டவுன் முனையில் இருக்கும் ஆத்தா கோயிலில் நிறுத்தி, தலையில் பரிவட்டம் கட்டி, கையில் விளக்கைக் கொடுத்து முன்னால் நடக்க விடுவார்கள். டவுன் ஆட்கள் மம்பட்டியோடு பின்னால் வருவார்கள். முதல் மூன்று வெட்டு முறைக்காரனுடையது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். வேறு அடுப்பில் தின்கிறவன் முதல் வெட்டு வெட்டினால் அது களவு. ஆத்தா ஏற்கமாட்டாள், வெட்டினவன் குடும்பம் விளங்காது. "நாமளாக் குடுத்தாப் பங்கு, அவளா எடுத்தா நாசம்" என்பார் பூசாரி. அந்த 'நாம' யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன் என் முறை வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சின்னத்தம்பி முதலாளி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் ஆயுசில் டவுன்காரர் ஒருவர் என்னைக் கும்பிட்டது அன்றுதான். அந்த மப்பில் என் லீக்ஸ் பாத்தியை நானே வெட்டிவிட்டேன். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் முழங்கால் அளவு மணல். அது மறுபடி மண்ணாக மூன்று வருடம் ஆயிற்று. துண்டு கைவிட்டுப் போகாமல் இருக்க அந்த மணலில் எதையெதையோ ஊன்றி வைத்தேன். எனக்கு அடுத்த முறைக்காரனுக்கு அந்தத் தெம்பு இல்லை. அவன் துண்டைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. ஐந்து நாலாயிற்று.

என் அப்பன் காலத்தில் பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வெட்டு. இப்போது எட்டு வருடத்தில் நாலு வெட்டு ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டால் மழை மாறிவிட்டது என்பார்கள். மழை மாறியிருக்கலாம். ஆனால் பாலத்துக்கு மேலே, பண்டு வளைந்து மலையடியில் முட்டுகிற இடத்துக்கு வெளியே ஒரு சதுப்பு கிடந்தது. எருமைகள் படுக்கும். ஆறு பெருகினால் முதலில் அதுவும் அங்கேதான் போய்ப் படுக்கும். எட்டு வருடத்துக்கு முன் கமிட்டி அங்கே கல்யாண மண்டபம் கட்டியது. சுற்றிலும் ஒரு மண் பண்டு போட்டது. படுக்க இடமில்லாத ஆறு நேரே பாலத்துக்கு வந்தது. இதைச் சொல்ல இஞ்சினியர் வேண்டாம். எருமையைக் கேட்டாலே சொல்லும்.

இந்தத் தடவை செல்லசாமி வீட்டு முறை. செல்லசாமி இல்லை. போன கார்த்திகையில் மலையில் குளவி கொட்டிச் செத்துப் போனான். அவன் பெண்சாதி பூரணி லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள். பகலில் கொழுந்து எடுப்பாள், வேலை விட்டதும் துண்டில் குனிவாள். அவள் மகள் சர்மிளா ஹட்டனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பூரணி ஒற்றை ஆளாகக் கொத்தி, விதைக்கிழங்கு ஊன்றி, மண் அணைத்து வைத்திருந்தாள். இன்னும் பதினைந்து நாள் போனால் கிழங்கு கிண்டலாம். வெட்டினால் கிழங்கும் போகும். மணலை அள்ள ஆண் துணை இல்லாதவள், துண்டும் போகும்.

ஆடி முதல் வெள்ளிக்கு அவள் ஆத்தா கோயிலுக்குப் பொங்கல் பானை கொண்டுபோனாள். முதலாளி வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இந்த வருசம் நீ வராட்டித்தான் என்ன?" என்றார். பூசாரி பானையை வாங்கவில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து லயத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். நானும் தின்றேன். நல்லாத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த புதன்கிழமை. நாலு நாளாக மழை விடவில்லை. காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. நான் துண்டுக்குப் போனபோது பூரணி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தன் கரைக்கு மேலே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒங்க மொறையப்ப பூசாரி என்னங்க சொன்னாரு?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் சொன்னேன். "வெளக்கோட நட, பேசாத, திரும்பிப் பாக்காத, ஆத்தா எங்க நிறுத்துறாளோ அங்க வெட்டு, நீ நின்ன எடந்தான் எடம்னாரு."

"முன்னால யாரும் போகக் கூடாதா?"

"போகவும் கூடாது, கூப்புடவும் கூடாது. கூப்புட்டா ஆத்தா கோவிச்சுக்குவாளாம்."

அவள் மம்பட்டியை ஊன்றி நின்றாள். "அப்ப நீங்க ஏன் மாமா ஒங்க துண்டுலயே நின்னீங்க?"

"கால் பழக்கம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடி மண்ணை அள்ளினாள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பூரணி காம்பராவில் ரொட்டி சுடுகிற வாசனை. அவள் வாசல் இஸ்தோப்பில் செருப்புச் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். சின்னத்தம்பி முதலாளி, பூசாரி, இன்னும் நாலைந்து கடைக்காரர்கள். அவர்களோடு அழகன், செல்லசாமியின் தம்பி. கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறவன். முதலாளி போன் போட்டு வரவழைத்திருக்கிறார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் ஒரு பிஸ்கட் பெட்டி.

"மதினி" என்றான். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

முதலாளி பேசினார். "பூரணி, ஊரு நல்லதுக்குத்தான் சொல்றேன். தம்பிக்காரன் வந்துட்டான். ரத்த சொந்தம். அவன் கையால முடிச்சிருவோம். நீ வெளிய வந்து சங்கடப்பட வேணாம். கதவச் சாத்திக்கிட்டு உள்ள இரு, அது போதும்."

பூரணி அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, இந்த அடுப்புல நீங்க கடைசியா எப்ப சாப்புட்டீங்க?"

"அண்ணன் காரியத்துக்கு வந்தப்ப..."

"அன்னைக்கு இங்க அடுப்பே பத்தவைக்கலயே."

அடுத்த வாசலில் இருந்து பேச்சியம்மா குரல் கொடுத்தாள். துண்டுக்காரிகளில் அவளும் ஒருத்தி. வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "அது எங்க வீட்டுச் சோறு. ரெண்டு தரம் கொழம்பு கேட்டு வாங்குனாரு தொரை."

"அந்தத் துண்டுக் கெழங்கு ருசி எப்படின்னு சொல்லுங்க தம்பி" என்றாள் பூரணி. "பதினோரு வருசமாச்சு நீங்க வேறாகிப் போயி. ஒரு கெழங்கு தின்னிருந்தாக்கூடச் சொல்லுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

அழகன் பூசாரியைப் பார்த்தான். "சாமி, அந்த அடுப்புல தின்னாத கையின்னா... களவாயிருமா?"

பூசாரி கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மொதலாளி" என்றான் அழகன். ஓரடி பின்னால் போனான்.

முதலாளி வியாபாரி. வழி இல்லாத இடத்தில் வழி கண்டுபிடிக்கிறவர். "இதுல என்ன இருக்கு? இந்தா, அந்த ரொட்டியில ஒரு வாய் தின்னுரு. அடுப்பு ஒட்டிக்கிரும்."

அழகன் கையை நீட்டினான். பூரணி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது கடை மாவு ரொட்டி மொதலாளி. துண்டுல வெளைஞ்சது இல்ல."

பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் கோழி ஒன்று மிரண்டு ஓடியது. முதலாளிக்கு முகம் கறுத்தது.

"வெளையாடாத. தண்ணி ஏறிக்கிட்டு வருது. மொறைய முடிக்கணும்."

"கை இல்லியே மொதலாளி. இந்த அடுப்புல தின்னுறது நானும் எம் மகளுந்தான்."

"பொம்பள வெட்டி நம்ம ஊருல வழக்கமில்ல. அதுலயும்..."

நிறுத்திவிட்டார்.

"அதுலயும்?" என்று கேட்டாள் பூரணி.

கையில் ரொட்டித் தட்டோடு அவள் வாசலை அடைத்து நின்றாள். இத்தனை ஆம்பிளைகளும் அவள் ஒருத்தி வழி விடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம். ஆம், நானும்தான். நான் அவள் பக்கம் போய் நிற்கவில்லை. எழுதும்போது பொய் எழுதக் கூடாது.

அப்போதுதான் பைஸர் நானா பாலத்தைத் தாண்டி ஓடிவந்தான். சாரம் முழங்காலுக்கு மேல் நனைந்து ஒட்டியிருந்தது. பஜாரிலேயே தாழ்வான இடத்தில் இருக்கும் கடை அவனுடையது. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அவன் மனைவி முனீராவும், வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரும்.

"கோட்டத் தொட்டுட்டு! வடிகான் வழியா என்ட பின்கதவுப் படிக்குத் தண்ணி வந்துட்டு. இன்னும் என்ன பேசிட்டு நிக்கிறீங்க?"

"வெட்டுறதுக்குக் கை இல்ல நானா" என்றார் பூசாரி.

"இந்தப் புள்ள நிக்கிறாளே. அவளே வெட்டட்டும்."

"ஒங்களுக்கு எங்க மொறை தெரியாது நானா" என்றார் முதலாளி.

"தண்ணிக்கும் தெரியாது மொதலாளி."

முதலாளி பூசாரியைப் பார்த்தார். பூசாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆபத்துக்குத் தோசமில்லன்னு ஒன்னு இருக்குங்க."

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். கோடு தொட்ட செய்தி வந்து ரொட்டி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தோஷம் போய்விட்டது.

"பொங்கப் பானைக்கு இருந்த தீட்டு மம்பட்டிக்கு இல்லையா சாமி?" என்றாள் பூரணி. கத்தவில்லை. விலை விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"பேசாம வா தாயி."

"வாறேன். ஆனா மொறையின்னா முழு மொறை. பரிவட்டம் கட்டணும். வெளக்கு எங் கையில. முன்னால நாந்தான் நடப்பேன்."

"எல்லாம் கட்டுறோம். கெளம்பு, கெளம்பு" என்றார் முதலாளி.

அவள் தட்டைப் பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டு மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்தாள். பணிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏழு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் போனேன்.

கோயிலில் பூசாரி அவள் தலைமயிரில் விரல் படாமல் பரிவட்டத்தைக் கட்டினார். அவசரத்தில் கோணலாக இருந்தது. முதலாளி அவளைக் கும்பிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மழைக்காக விளக்கை அரிக்கன் லாம்பில் ஏற்றியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் முப்பது நாற்பது பேர், மம்பட்டியோடும் மண்வாரியோடும். போன் பிடிக்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பாலத்து முனையில் வலது பக்கம் திரும்பினால் பாலம், அக்கரை, அவள் துண்டு. அவள் அங்கே ஒரு நொடி நின்றாள். எல்லோரும் நின்றோம். பிறகு இடது பக்கம் திரும்பிப் பண்டின் மேல் ஏறினாள்.

முதலாளி இருமினார்.

அவள் நடந்தாள். முதலாளி இன்னும் பலமாக இருமினார். பூசாரி வாயில் விரலை வைத்துக் காட்டினார். முறைக்காரனைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஆத்தா கோபிப்பாள். அது அவர் சொல்லி வைத்ததுதான். முதலாளி வேகமாக நடந்து பார்த்தார். முன்னால் போகக் கூடாது என்பது நினைவு வந்து நின்றார். இருமுவது பேச்சில் சேராது போலிருக்கிறது. வழி முழுக்க இருமிக்கொண்டே வந்தார்.

ஒரு பக்கம் ஆறு, பண்டுக்கு ஒரு முழம் கீழே. சாயத் தண்ணீர் மாதிரிச் சிவந்து, மரக்கிளையும் யாரோ வீட்டுக் கோழிக்கூடும் அடித்துக்கொண்டு போனது. மறுபக்கம் பஜார்க் கூரைகள். பைஸர் வீட்டுக் கொல்லையில் முனீரா சட்டிப்பானைகளைத் தூக்கி மதில் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு, இந்த ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது போல அப்படியே நின்றாள்.

பண்டு வளைகிற இடம் வந்தது. அதற்கு வெளியே ரோஸ் பூச்சுப் பூசிய மண்டபம். பூரணி படி இறங்கி, மண்டபத்து மண் பண்டில் ஏறினாள். நடுவில் போய் நின்றாள். லாம்பைக் கீழே வைத்தாள்.

"ஏய்! இங்க இல்ல! ஏய்!" முதலாளிக்கு இருமல் போய்க் குரல் வந்துவிட்டது.

பூரணி திரும்பவில்லை. மம்பட்டியை ஓங்கி இறக்கினாள். ஒன்று. ஈரமண் பெரிய கட்டியாகப் பெயர்ந்தது. இரண்டு. மூன்று. அப்புறம்தான் திரும்பினாள்.

"என் கை முடிஞ்சுது. மிச்சம் ஊரு கை."

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். பரிவட்டம் ஒரு காதுக்கு மேல் சரிந்திருந்தது.

ஒருவரும் அசையவில்லை. முதலாளி பண்டில் ஏறிக் குறுக்கே நின்றார். "இது சாமி சொத்து! ஞாயித்துக்கெழம இங்க ஒரு சிங்களக் கல்யாணம் இருக்கு! பூசாரி, சொல்லுங்க!"

பூசாரி சொல்ல என்ன இருக்கிறது? நின்ற இடம்தான் இடம். நாற்பது வருடமாக அவர் வாயால் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டார்.

பைஸர் ஆற்றைப் பார்த்தான். திரும்பித் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தான். "மண்டபத்துல ஆரும் படுத்துக் கெடக்கல்ல மொதலாளி. என்ட ஊட்டுல படுத்துக் கெடக்காங்க" என்றான். முதலாளியை ஒதுக்கிவிட்டு, அவள் வெட்டிய இடத்திலேயே மம்பட்டியைப் போட்டான். அவனுக்குப் பின்னால் பேக்கரிக்காரன். அப்புறம் சலூன்காரன். தன் கடை நனையப் போகிறது என்றால் மனிதன் சாமி சொத்தையும் வெட்டுவான். அதுவரை அவர்கள் வெட்டியது எங்கள் சொத்து. அதற்கு இவ்வளவு யோசித்ததில்லை.

ஆறு அந்த வாய் வழியே நுழைந்தது. பழைய தொழுவத்தை அடையாளம் கண்டுகொண்ட எருமை மாதிரி, அவசரமில்லாமல், உள்ளே போய்ப் படுத்தது. கார் நிறுத்துகிற இடம் மறைந்தது. சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனது. சிவப்புப் பட்டுத்துணி போட்ட, விருந்தாளிகள் உட்காரும் கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே வந்தன. போன் வைத்திருந்தவர்களுக்கு நல்ல படம் கிடைத்தது.

அரைமணி நேரத்தில் பாலத்துத் தூணில் வெள்ளைக் கோடு வெளியே தெரிந்தது. பைஸர் வீட்டுப் படியை விட்டுத் தண்ணீர் இறங்கியது. அக்கரையில் பூரணி காலையில் அள்ளிப் போட்ட மண்ணுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. அவ்வளவுதான். துண்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பஜார்க் கடைகளுக்குள்ளும் ஒரு சொட்டு வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. நல்ல கதைகளை நான் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தா கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். கல்யாணம் ஸ்கூல் மண்டபத்துக்கு மாறிவிட்டது. முதலாளி நாலு நாளில் இளைத்துப் போயிருந்தார். பேச்சு மட்டும் இளைக்கவில்லை.

"என்ன நடந்துச்சின்னு எல்லாருக்கும் தெரியும். தாலி அறுத்தவ கை பட்டுச்சி. ஆத்தா கோவிச்சுக்கிட்டா. கோவிச்சுக்கிட்டு சாமி சொத்துலயே ஏறிட்டா."

பஜாரில் ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. தப்பிய கடைக்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பைஸர் கோயில் கூட்டம் என்று தெருவில் தள்ளி நின்றான். என் கண்ணைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நாளைக்கு அவனும் இவர்களோடுதான் வியாபாரம் செய்ய வேண்டும்.

பரிகாரப் பூசை வைப்பதாக முடிவாயிற்று. மண்டபத்துப் பண்டை இன்னும் உயரமாக, இந்த முறை கொங்கிரீட்டில் போடுவதாக முடிவாயிற்று. மண் அள்ளுகிற பெக்கோ மெஷின் அதற்கு முன்பே வந்து நின்றிருந்தது. மூன்றாவது முடிவைப் பூசாரி சொன்னார். இனிமேல் ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு முறை கிடையாது.

கூட்டத்துக்குப் பின்னால் பெண்களுக்கும் பின்னால் நின்ற பூரணி கேட்டாள். "அப்படின்னா என் துண்ட இனி வெட்ட மாட்டீங்க?"

"மாட்டோம். ஒனக்கு இனி அந்த மரியாதை கெடையாது" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முதலாளிக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பேச்சியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அடியாத்தே! அப்ப துண்டு தப்பணும்னா புருசன் சாவணுமா? எங்க வீட்டுல ஒன்னு சும்மாதான் கெடக்கு. எப்ப அனுப்பி வைக்கட்டும் சாமி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருசனும் சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆனால் பேச்சியம்மா சிரிக்கவில்லை. பூரணியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நாலு துண்டு சுமந்த முறையை இனி மூன்று துண்டு சுமக்க வேண்டும். அதற்குக் காரணம் மண்டபம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பூரணி என்றுதான் சொல்வார்கள். லயத்தில் அவளோடு தண்ணீர் பிடிக்கிறவர்களே சொல்வார்கள்.

"அடுத்த மொறை ஆண்டியப்பண்ணன் வீடு" என்றார் பூசாரி.

நான்தான் ஆண்டியப்பன். பூசாரி ஒரு புதுப் பரிவட்டத் துணியை மடிப்போடு கொண்டுவந்து நீட்டினார். முன்கூட்டியே மரியாதை செய்கிறார்களாம். முதலாளி எழுந்து என்னைக் கும்பிட்டார். ஆயுசில் இரண்டாவது தடவை.

"அண்ணே, நீங்க அனுபவப்பட்டவங்க. ஒங்க காலுக்குப் பழகுன வழி. தப்பாது."

"மண்டபத்துப் பண்டக் கட்டாம விடுங்க" என்றேன். "மொறையே வேணாம். ஆறு பழைய எடத்துல படுத்துட்டுப் போவும்."

"அதெல்லாம் இஞ்சினியர் வந்து பாப்பாருண்ணே. ஊரு நல்லதுக்குத்தானே எல்லாம்."

"எந்தப் பக்கத்து ஊருக்கு?"

முதலாளி சிரித்தார். பெரியவர் தமாஷ் பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். துணி பூசாரியின் கையிலேயே நீண்டுகொண்டிருந்தது. நான் வாங்கவில்லை. எழுந்து நடந்தேன்.

பாலத்தில் பாதி வந்ததும் பின்னால் பூரணி வந்து சேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் இருந்ததைவிட இப்போது அவள் முகம் லேசாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை கிழங்கு கிண்டப் போவதாகச் சொன்னாள். எனக்கும் ஒரு கூடை தருவாளாம்.

"பயந்துட்டாங்க மாமா. இனிமே வெட்ட மாட்டாங்க."

"வெட்டுவாங்க."

"அது எப்படி? நீங்க போயி நின்னாத்தானே வெட்டுவாங்க?"

கீழே தூணில் வெள்ளைக் கோட்டுக்கு மூன்று சாண் கீழே ஆறு ஒன்றும் தெரியாதது போலப் போய்க்கொண்டிருந்தது. மேலே மண்டபத்துப் பக்கம் பெக்கோ மண்ணை அள்ளிக் கொட்டுகிற சத்தம். இரண்டு பையன்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் என் லீக்ஸ், இன்னும் ஒரு மாதம் நிற்க வேண்டியது. ஆடி முடியவில்லை.

அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். பாலம் முடிகிற இடத்தில் லயத்துக்கு ஒரு வழி, துண்டுக்கு ஒரு வழி. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கால் தானாகத் துண்டுப் பக்கம் திரும்பியது. அந்தக் காலையும் நான் நம்பவில்லை.